இறக்கத்தில் மட்டும் ஓடியவள்

என் மனைவி சூர்யகலா மாரத்தான் ஓடவில்லை. இனி ஓடவும் மாட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையைப் பாதி கேட்கிறவர்கள் எல்லாரும், "அப்புறம் ஓடி ஜெயிச்சுட்டாங்களாண்ணே?" என்று கேட்டு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார்கள்.

போடியிலிருந்து மலையேறி, உச்சியில் இருக்கிற மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் என்னுடையது. அதில் பதிமூன்று பெண்கள் வருவார்கள், அவளும் ஒருத்தி. பத்தாவது படிக்கும்போது மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள், ஓட்டம் நின்றுபோனது. முப்பத்துமூன்று வயதில் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, "மதுரையில பொங்கலுக்குப் பெறகு மாரத்தான் வைக்கிறாங்களாம். நாப்பத்திரண்டு கிலோமீட்டரு. ஒரே ஒருவாட்டி முழுசா ஓடி முடிச்சிரணும்ங்க" என்றாள். வேறு எதையும் அவள் என்னிடம் இப்படி ஆசையாகக் கேட்டதில்லை.

அந்த வருஷமே ஓடியிருப்பாள். ஐப்பசி மழையில் ஏலக்காய் மூட்டையோடு சரிவில் வழுக்கி, இடது கணுக்கால் ஒடிந்தது. தகடு வைத்தார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் நொண்டாமல் நடந்தாள். நடந்த மறுவாரமே ஓடணும் என்று நின்றாள்.

எங்கே ஓடுவது? விடியுமுன் ஜீப் ஏறினால்தான் எட்டு மணிக்குத் தோட்டத்தில் பேர் கொடுக்க முடியும். நான்தான் வழி சொன்னேன். சாயங்காலம் திரும்பும்போது மெட்டில் இறங்கிக்கொள், போடி வரைக்கும் இருபத்தாறு கிலோமீட்டர் ஓடியே வந்துவிடு என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வாரம் இரண்டு நாள் அப்படி ஓடினாள். "ஏத்தா சூர்யா, பேசாம வண்டியில ஏறு, வீட்டுல சோலி கெடக்கு" என்று கூட வேலைக்கு வரும் மொக்கம்மாள் அக்கா சத்தம்போடுவார். இவள் சாப்பாட்டுத் தூக்கை அவர் மடியில் வைத்துவிட்டு ஓட ஆரம்பித்துவிடுவாள். இரண்டரை மணி நேரத்துக்குள் வீடு வந்தாள். டீக்கடையில் நான் அடித்த பீற்றலுக்கு அளவே இல்லை. மதுரையே அவளுக்காகக் காத்திருப்பதுபோலப் பேசினேன்.

ஒருமுறை கேட்டாள்: "ஏறியும் ஓடிப் பழகணும்லங்க? ஞாயித்துக்கெழம மலையடியில முந்தல்ல இருந்து ஏறுறேன். நீங்க பின்னாலயே வண்டியில வாங்க."

"ஒரு நாளாவது மனுசனத் தூங்க விடு தாயீ" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

ஓட ஆரம்பித்த முதல் வருஷம் மாரத்தானைக் காய்ச்சல் வந்து கெடுத்தது. இரண்டாம் வருஷம் கார்த்திகையில், சமதரையில் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று சிலமலை ஊர்ப் பக்கம் ஓடினாள். ஒன்பதாவது கிலோமீட்டரில் வலது முட்டி பிடித்துக்கொண்டது. தகடு வைத்த கால் அல்ல, நல்ல கால்.

தேனியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா ஓடுவீங்க?" என்றார்.

"மெட்டுல இருந்து எறங்குவேன் சார்."

"ஏறுறது?"

"ஏறுறது ஜீப்புல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இறக்கத்துல ஒவ்வொரு அடியும் முட்டிமேலதான் விழும். ஒடிஞ்ச காலுக்குப் பயந்து இவங்க இந்தக் கால்லயே ஊனியிருக்காங்க. நாள் முழுக்கக் குத்தவச்சுக் காய் எடுக்கிற முட்டி வேற. சுத்தமாத் தேஞ்சிருச்சு. இனி ஓடக் கூடாது."

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை எழுப்பி, "ஏத்தத்துல நடந்தா வலிக்கலங்க. ஒருவாட்டி ஏறி ஓடிப் பாக்குறேன்" என்றாள். மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

முந்தலில் ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே முதல் கியரில் போனேன். நொண்டல் இல்லை, இரைப்பு இல்லை. நான்கு வளைவு ஏறினாள். ஸ்டீயரிங்கில் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன். எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்துகொள்வது என்றுகூட யோசித்தேன்.

ஐந்தாவது வளைவுக்கு முன்னால் ரோடு ஒரு ஐம்பதடி இறங்கி மறுபடி ஏறும். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் அது இறக்கம் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது அடியில் முட்டி மடங்க, அவள் தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் அழவில்லை. முட்டியை அமுக்கிப் பிடித்தபடி ஏறிவந்த வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறும்போது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?" என்றாள். கொஞ்சம் கழித்து, கோபமே இல்லாமல், "ஞாயித்துக்கெழமயில ஏறியிருக்கலாம்ங்க" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. நடுரோட்டில் நான்தான் அழுதேன்.

கைத்தாங்கலாக ஜீப்புக்குக் கூட்டிவந்து முன்கதவைத் திறந்தேன். அவள் என் தோளை விட்டுவிட்டு, வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போய், வேலைக்குப் போகிற பெண்கள் உட்காரும் பலகையில் ஏறி உட்கார்ந்தாள்.

"முன்னால வா சூர்யா."

"இருக்கட்டும்ங்க. நீங்க வண்டிய எடுங்க."