சேவியர் அண்ணன் மாட்டிய புகை அலாரம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். பத்து வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் அவர் மாட்டிய புகை அலாரம் நிமிடத்துக்கு ஒரு தரம் 'கீச்' என்றது. ஏன் என்று கேட்கத்தான். அவர் மகன் எடுத்தான்.

"அப்பா விடியக்காலம் தவறிட்டாங்க சித்தப்பா. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதான்."

நான், "இது கத்திக்கிட்டே இருக்கே தம்பி" என்று சொல்லிவிட்டேன். இப்படியும் ஒருத்தன் துக்கம் கேட்பானா? அந்த நேரத்திலும் அவன், "பேட்டரியப் பாருங்க சித்தப்பா" என்றான். அப்பனுக்குப் பிள்ளை.

வளைகுடாவில் பெரிய கட்டடங்களில் தீ அலாரம் பார்க்கும் வேலையிலிருந்து ஆவூருக்குத் திரும்பியவர் அண்ணன். எங்கள் தெருவில் கேட்டவர், கேட்காதவர் எல்லார் வீட்டிலும் ஒன்றை மாட்டினார். நான் கேட்காதவன்.

பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்த அறிவோடு, புகை அடுப்படியில்தானே வரும், அங்கே மாட்டுங்கள் என்று வாதாடினேன். அவர் அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. "முழிச்சிருக்க ஆளுக்கு மூக்கு இருக்கு. தூங்குறவுகளுக்குத்தான் இது. பாப்பா எங்க படுக்குது?" என்றார். மகள் அப்போது எட்டாவது. அவள் அறை வாசலுக்கு நேர் மேலே மாட்டினார்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அது தெருவையே கூட்டிவிடும். ஒருநாள் பேட்டரியைக் கழற்றினேன். நல்ல பேட்டரியை வீணாக்குவானேன் என்று சுவர்க் கடிகாரத்தில் போட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வருகிற வழியில், அண்ணன் வீடு வீடாக நுழைந்து விளக்குமாற்றுக் காம்பால் அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். எங்கள் வீட்டில் அழுத்தினார். சத்தம் இல்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி சரியாத்தான் ஓடுது" என்றார்.

கதவு ஜன்னலைத் திறந்து வைத்துச் சாம்பிராணி போட வேண்டும், கத்தினால் துண்டால் வீசிவிட வேண்டும், பேட்டரியில் மட்டும் கை வைக்கக் கூடாது என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்து வந்து புதுப் பேட்டரி போட்டேன். மறுபடியும் 'கீச்'. தப்பாகப் போட்டேனோ, திருப்பிப் போட்டேனோ என்று குழம்பி, மொத்தமாகக் கழற்றிக் கவிழ்த்தால் பின்னால் அவர் கையெழுத்து. மாட்டிய மாதம், வருடம். அதன் கீழே, மாற்ற வேண்டிய மாதம், வருடம். அது போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. "பேட்டரி புதுசா இருந்தாலும் பத்து வருசத்துல பொட்டி கெழடாயிரும், மாத்திருங்க" என்று போன வருடமே சொன்னார். நானும் தலையாட்டினேன்.

புதுக்கோட்டை போய்ப் புதிது வாங்கி வந்தேன். பழைய ஆணித் துளையில் திருகப் போனவன் நின்றுவிட்டேன். ஏதோ சரியில்லை, என்னவென்று பிடிபடவில்லை. என்னையறியாமல் மனைவியிடம், "பாப்பா எங்க படுக்குது?" என்றேன்.

"நல்லாக் கேட்டீங்க. பிரசவத்துக்கு வந்த பிள்ளையும் கொழந்தையும் முன்ரூம்லதானே படுக்குதுக, நீங்கதானே தொட்டில் கட்டுனீங்க?"

ஸ்டூலை முன்னறைக்குத் தூக்கினேன்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். வருகிற முதல் ஞாயிறு, எங்கள் வீட்டில் விளக்குமாற்றோடு நானே நிற்பேன். மற்ற வீடுகளில் யார் அழுத்துவது என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் இருப்பவரானால், உங்கள் வீட்டிலும் அவர் மாட்டியது இருக்கும். கழற்றி, பின்பக்கம் திருப்பி, அவர் எழுதிய வருடத்தைப் பாருங்கள்.