நெற்றியில் பட்ட அம்பு

நல்லேப்பிள்ளிப் பக்கத்தில் வில்லால் வரால் மீன் அடிக்கிறவர்கள் யாரென்று கேட்டால், முதலில் கந்தப்பன் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். மழை பெய்து ஏரி நிரம்பிவிட்டால் போதும், நெல் வயலைப் பெண்டாட்டி ராசம்மாள் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். கல்யாணத்துக்கு முன்பு மூங்கில் வில், அப்புறம் ஃபைபர் வில். மாப்பிள்ளை சம்சாரத்தைவிட வில்லைத்தான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று மாமனார் வீட்டில் கேலி பேசுவார்கள். அதில் பொய்யும் இல்லை.

போன வருஷம் மகள் நர்மதா அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துப் பக்கத்திலிருக்கிற சித்தூருக்குக் கூட்டிப் போனாள். லாரி இடித்ததில் அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவருக்கு வலது தோள் உடைந்தது, அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்த பிறகும் கந்தப்பனுக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்றது ஊர். ஊருக்கென்ன, அழுதிருந்தால் பொம்பளை மாதிரி அழுகிறான் என்று சொல்லியிருக்கும். ஆனால் அவருக்கே அது பயமாக இருந்தது. சோறு தின்றார், தூங்கினார், கரண்ட் பில் கட்டினார். மனசு மட்டும் மரத்துப்போய்க் கிடந்தது.

இந்த மழைக்கு ஏரி நிரம்பியதும் வில்லை எடுத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் இழுக்கத் தோள் விடவில்லை. மீன் அடித்தாலாவது உள்ளே ஏதாவது அசையாதா என்ற நப்பாசையில் பஸ் ஏறிக் கோயமுத்தூரில் வில் விற்கிற கடைக்குப் போனார்.

கடைக்காரர், துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி அம்பு விடுகிற கிராஸ்போ இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று கனமானது, மேலே தொலைநோக்கி வைத்தது.

"பன்னிக்குங்களா?"

"பன்னியைத் தொட்டா பாரஸ்ட்காரன் என்னையத் தூக்கிருவானுங்க. மீனுக்குத்தான்."

இன்னொன்று இலகுவானது. அம்பில் கட்டிய நூலைச் சுற்றி இழுக்கிற உருளையும் அதிலேயே இருந்தது. முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நாணை இழுத்து மாட்ட வேண்டும்.

"மாட்டிட்டீங்கன்னா அதுபாட்டுக்கு நிக்குமுங்க. அப்புறம் விரலுக்குத்தான் வேலை" என்றார் கடைக்காரர்.

கந்தப்பனுக்குப் பிடித்துப்போனது அதுதான். பழைய வில்லென்றால் இழுத்துப் பிடித்த நேரமெல்லாம் கை நடுங்கும், அடிக்கலாமா விடலாமா என்று மனசு கேட்கும். இது ஒன்றும் கேட்காது. வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் ஏரிக்கரையோரம் செக்கச்செவேலென்று வரால் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தன. அடியில் பெரிய வரால் ஒன்று காவலுக்கு நின்றது. குஞ்சோடு நிற்கிற வராலை அங்கே யாரும் அடிக்கமாட்டார்கள். அது ஓடாது. ஓடாததை அடிப்பதில் என்ன வேட்டை? அதற்கப்புறம் குஞ்சுகள் கொக்குக்குத்தான் இரை. கந்தப்பனே எத்தனையோ முறை இழுத்த நாணைத் தளர்த்தியிருக்கிறார். அன்றைக்கு விரல் அழுத்திவிட்டது. மீனை நூலோடு இழுத்துக் கரையில் போட்டபோதும் அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

வீட்டில் ராசம்மாள் மீனை அறுக்க உட்கார்ந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏனுங்க, ஓடற மீனுன்னா முதுகுலதான அடி உழுகும். இது நெத்தியில பட்டிருக்குது. உங்களை எதுத்து வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"குஞ்சோட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்பவும் ஒண்ணும் தோணலீங்களா?"

"தோணல புள்ள."

அவள் திட்டவில்லை. மீனை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கந்தப்பன் எழுந்து மறுபடி ஏரிக்குப் போனார். எதற்கென்று அவருக்கே தெரியாது. கொக்குகள் அதற்குள் வந்து இறங்கியிருந்தன. சிவப்புக் கூட்டம் பாதியாகி, அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவர் வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குஞ்சுகளுக்குப் பக்கத்தில் நின்று, கையை வீசிக் கொக்குகளை விரட்டினார். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்தன. போதாக்குறைக்கு மீன்கொத்தி வேறு. வீசி வீசி வலது தோள் விண்ணென்று தெறித்தது.

மத்தியானம் தாண்டியும் ஆளைக் காணோமென்று ராசம்மாள் தேடி வந்தாள்.

"என்னுங்க இது? ஏறி வாங்க."

"நா வந்துட்டா கொத்திப்போடும் புள்ள." திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "வண்டியில பின்னாலதான உக்காந்திருந்தேன் புள்ள. கைக்கெட்டற தூரம். அவளைப் புடிச்சு இழுக்கத் தெரியாமப் போச்சே."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே கொக்கை விரட்டினார்.

ராசம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குஞ்சுகளுக்கு அந்தப் பக்கமாகத் தண்ணீரில் இறங்கி நின்றாள்.