அந்த அம்மா யாருன்னு தெரியலைங்க

திருநகரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நாடகக் குழு இருக்கிறது. பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நடத்துகிறார். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன். பகலில் வேறு வேறு பிழைப்புப் பார்க்கிறவர்கள் சாயங்காலம் கூடி, பாட்டும் ஆட்டமுமாக நாடகம் போடுவோம். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். ஓரத்தில் நின்று கோரஸ் பாடிக்கொண்டிருந்தேன். முதல் முறையாக எனக்கென்று ஒரு வேஷம் கிடைத்தது.

கண்மாய்த் தண்ணீருக்காக இரண்டு ஊர் அடித்துக்கொள்ளும் கதை. நான் கதாநாயகனின் அக்கா. குடிப்பாள், புருஷனை விரட்டிவிட்டவள், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஊர்க்கூட்டத்தில் சத்தம் போடுவாள். கடைசியில் தம்பி செத்துக் கிடக்கும்போது, குடித்திருக்கிறோமா அழுகிறோமா என்று அவளுக்கே தெரியாமல் ஒரு பாட்டு.

வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் பயந்துகொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அவர். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். ஆனால் என்னைவிட அவருக்குத்தான் உற்சாகம் பொங்கியது. மற்றவர்கள் வசனத்தை அவர் வாசிக்க, என் வசனத்தை நான் சொல்லுவேன். எனக்குத் தள்ளாடி நடக்க வரவே இல்லை.

"குடிச்சவன் தள்ளாடணும்னு நடக்க மாட்டான்த்தா. தள்ளாடிரக் கூடாதுன்னு பாடுபடுவான். அதுல வர்ற தள்ளாட்டம் இருக்கு பாரு, அதுதான் வேணும்" என்று சொல்லி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில் நடந்து காட்டினார். நான் சிரித்துச் சிரித்து இருமினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

முதல் மேடை திருமங்கலத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். நான் நடந்து வந்ததுமே விசில் பறந்தது. கடைசிப் பாட்டில் மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி என் முதுகில் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து, "எப்பிடிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பின்னிட்ட போ" என்றார். அவர் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நாடகம் முடிந்து வெளியே வந்தவர்களிடம் கருத்துக் கேட்டு வீடியோ எடுத்திருந்தாள், கீபோர்டு வாசிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். யூடியூபில் போடுவதற்கு முன்னால் எல்லோருமாகப் பார்ப்போம் என்று அண்ணன் ஒத்திகை அறைக்கு வரச்சொன்னார். டிவியில் ஓடியது.

பூக்கட்டும் அம்மா ஒருத்தி, "அந்த அக்காக்காரி அழுகையில எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. எங்க மதினி இப்பிடித்தான், வாயி அம்புட்டு நீளம், மனசு தங்கம்" என்றாள். தொப்பி போட்ட பாய் ஒருவர், "மாஷா அல்லாஹ், அந்தப் புள்ளை வந்த பெறகுதான் நாடகமே சூடு பிடிச்சுச்சு" என்றார். ஒரு கல்லூரிப் பையன் கதாநாயகியைவிட நான்தான் மாஸ் என்றதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கதாநாயகி என்னைக் கிள்ளினாள். பாட்டு எடுப்பில் சுருதி இறங்கியது என்றார் ஒரு பெரியவர். உண்மைதான், தலையாட்டிக்கொண்டேன்.

அடுத்து என் வீட்டுக்காரர் வந்தார். நான் தேய்த்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. இரண்டு பக்கமும், என்னை நேரில் பார்த்திராத அவர் அலுவலகத்து ஆட்கள். அவர் யாரென்று தெரியாமல் அந்தப் பெண் கேட்கிறாள்: "அக்கா கேரக்டர் எப்பிடி சார் இருந்துச்சு?"

பக்கத்து ஆள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். இவரும் சிரிக்கிறார். "யாரு, அந்தக் குடிகாரியா? அந்த அம்மா யாருன்னு தெரியலைங்க. அந்த நடை ரொம்ப ஓவர். குடும்பத்தோட பாக்குற நாடகம், கொஞ்சம் கொறைச்சுக்கலாம்."

அண்ணன் ரிமோட்டைத் தேடினார். விஷயம் தெரிந்தவர்கள் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண் மட்டும் ஒன்றும் புரியாமல், "விடுங்கக்கா, அந்த ஆளுக்கு என்ன தெரியும்" என்றாள்.

"அதை வெட்டிருவமாத்தா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"வேணாண்ணே. இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "என்னையத் தெரியாதா ஒங்களுக்கு?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஆபீஸ் ஆளுக பக்கத்துல நின்னாங்கெ. என்னென்னமோ கமெண்ட் அடிச்சாங்கெ. அந்நேரத்துல என் பொண்டாட்டின்னு எப்பிடிச் சொல்ல? வாயில வந்துருச்சு."

"தெரியாதுன்னது வாயில வந்துருச்சு, சரி. நடை ஓவர்னீங்களே. அது யாரு நடை?"

அவன்கள் அடித்த கமெண்டு என்னவென்று நான் கேட்கவில்லை. அதை அவர் நின்று கேட்டிருக்கிறார், சிரித்திருக்கிறார். அதன் பிறகு பைக்கில் என்னை உட்காரவைத்துக்கொண்டு, பின்னிட்ட என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு ஆறாதது அதுதான். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட ஒருநாள் அழுதிருப்பேன், முடிந்திருக்கும்.

வீடியோ வெளியானது. என் நாத்தனார் போன் பண்ணி, "ஏன் மதினி, எங்கண்ணனுக்கு ஒங்களையத் தெரியாதாமே?" என்று சிரித்தாள். அலுவலகத்திலும் எப்படியோ தெரிந்து கேலி செய்திருக்கிறார்கள். அந்தத் துண்டை மட்டும் எடுக்கச் சொல்லு என்று இவர் இரண்டு தரம் கேட்டார். நான் அண்ணனிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்டார். ஆனால் அது கேலி ஆரம்பித்த பிறகு. இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பேரையூரில் அடுத்த மேடை. நானும் வாரேன் என்றார். "வேணாங்க" என்று சொல்லிவிட்டுக் குழுவின் வேனில் ஏறிக்கொண்டேன். அங்கே திறந்தவெளி மேடை. கூட்டம் தரையில் உட்கார்ந்திருந்தது. நடையை நான் கொஞ்சமும் குறைக்கவில்லை. விசிலும் வந்தது, அமைதியும் வந்தது. ஆனால் தம்பியைக் கட்டிக்கொண்டு பாடும்போது என் கண் கூட்டத்தில் நீலச் சட்டைகளாகத் தேடிக்கொண்டிருந்தது. வராதீர்கள் என்று சொன்னவளே நான்தான். சொன்னபடி அவரும் வரவில்லை.

திரும்பும்போது வேனில் எல்லோரும் கருத்துகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நன்றாகச் செய்தாய் என்று யார் சொன்னாலும், இவர்கள் வெளியே என்ன சொல்லியிருப்பார்கள் என்றுதான் மனசு போகிறது. முன்பு எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.