மருமகளின் குறிப்புகளைக் கிளவுட்டில் போட்ட கதை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு நீரிறைக்கும் மிசின் பழுதானால் மானிப்பாயில் என் கடையைத்தான் தேடி வருகிறார்கள். சாவகச்சேரியிலிருந்துகூட மிசினின் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவருபவர்கள் உண்டு. படித்தவர்கள் புத்தகம் பார்த்துச் சொல்லும் பழுதை நான் சத்தத்தைக் கேட்டே சொல்லுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. யுத்தத்தில் ஏழு தரம் இடம்பெயர்ந்தும் ஒரு கடதாசியைத் தொலைத்ததில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவடியில் வைத்திருப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான். நான் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று நகல் எடுத்து மூன்று ஊர்களில் கொடுத்து வைத்தேன். ஒரே இடத்தில் இருக்கிற பொருளை இல்லாத பொருளாகவே எண்ண வேண்டும் என்பது ஓடி ஓடி நான் கற்ற பாடம். அந்தப் பாடம்தான் என்னைக் கவிழ்த்தது.

மகன் கொழும்பில் வேலை. மருமகள் எங்களோடு இருந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்குப் போடும் உரம் எங்கள் கிணறுகளில் ஊறுவது பற்றிய ஆய்வு. நான்கு வருஷமாக அவள் வாசித்த கட்டுரைகளும், எதில் எந்தப் பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று எழுதிய குறிப்புகளும் லப்டொப்பில் ஒரு மென்பொருளுக்குள் இருந்தன. ஆய்வேட்டில் ஒரு வசனம் எழுதிப் பொத்தானை அழுத்தினால், அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்பதை அதுவே அடியில் எழுதிவிடும்.

"எல்லாம் உந்த ஒண்டுக்குள்ளையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையளிலை மென்பொருளை மூடிப்போட்டுப் பென்னிலை ஒரு கொப்பி எடுக்கிறனான் மாமா. அது காணும்."

பென் என்றால் கொம்பியூட்டரில் செருகும் சின்னவிரல் அளவு சாமான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போதாததற்கு அவள் பகலில் என் கடையின் பின்னறையில் இருந்து எழுதுவாள். அங்கே கொம்பியூட்டரின் திரை பெரிது. அதில் பார்த்து எழுத, குறிப்புகள் இருந்த லப்டொப்பை சைக்கிள் கூடையில் வைத்து மழைக்குள்ளும் கொண்டு திரிந்தாள். கடைக்கு வரும் உதிரிப்பாகங்களின் படங்களை நான் ஏற்கெனவே இணையத்தில் உள்ள கிளவுட்டில் போட்டு வைத்திருந்தேன். ஒருவரிடமும் கேளாமல் நானே பழகிய வேலை. கடையில் ஒன்றை மாற்றினால் வீட்டிலும் மாறும்.

"உம்மடையையும் அதிலை போட்டுவிடட்டோ?"

"இப்ப வேண்டாம் மாமா. ஆய்வேட்டைக் குடுத்தாப் பிறகு பாப்பம்."

அவள் கிணற்றுத் தண்ணீரில் மாதிரி எடுக்கச் சாவகச்சேரிப் பக்கம் போன ஒருநாள், லப்டொப் வீட்டு மேசையில் இருந்தது. மென்பொருளின் கோப்புறையை அப்படியே தூக்கிக் கிளவுட் கோப்புறைக்குள் வைத்தேன். கடைக் கொம்பியூட்டரிலும் அதே மென்பொருளைப் போட்டு, இரண்டுக்கும் குறிப்புகள் இருக்கும் இடம் அதுதான் என்று காட்டிவிட்டேன். அரை நாள் வேலை. பின்னேரம் வந்தவள், "செய்துபோட்டியளோ?" என்று மட்டும் கேட்டாள். திறந்து பார்த்தாள், எல்லாம் இருந்தது. மறுத்துக் கதைக்க அவளுக்கு நேரமும் இல்லை. "இனி உது தேவையில்லை" என்று பென்னை வாங்கிக் காணி உறுதிப் பைக்குள் போட்டது நான்தான்.

இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை. கோயில் வீதியில் சொன்னேன், தேத்தண்ணிக் கடையில் சொன்னேன், மிசின் திருத்த வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

மூன்றாம் கிழமை ஒரு மத்தியானம் அவள் கடையில் மென்பொருளைத் திறந்தபடி விட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போனாள். அங்கே லப்டொப்பில் குறிப்பு எழுதியிருக்கிறாள். அதே நேரம் கடைக்கு ஒரு சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் வந்தார். "உங்கடை ஊர்க் கிணறுகளைப் பற்றி என்ரை மருமகள் என்ன எழுதி வைச்சிருக்கிறாள் எண்டு பாருங்கோ" என்று அவரைக் கூட்டிப்போய், அதைத் திறந்து இதைத் தட்டி, ஒன்றை இழுத்து இன்னொன்றுக்குள் போட்டுக் காட்டினேன். வெளியே மழை. இணையம் போவதும் வருவதுமாக இருந்தது.

பின்னேரம் லப்டொப்பில் மென்பொருள் திறக்கவில்லை. தரவுக் கோப்பு பழுதாகிவிட்டதாம். அதற்குப் பக்கத்தில், அதே பெயரோடு ஒரு வாலும் சேர்த்துக் கிளவுட் போட்ட இன்னொரு கோப்பு கிடந்தது. அதுவும் திறக்கவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள் இருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நல்லது. நான் வாசல் படலைக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன்.

"இஞ்சருங்கோ, ஒரு இடத்திலை இருங்கோ. நீங்கள் நடக்க நடக்க அவளுக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி.

மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "மாமா, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு கம்பியை இழுத்து ஒயில் பாக்கிறவையை நீங்கள் என்னெண்டு ஏசுவியள்?"

"மடையன் எண்டு."

"இதுவும் ஓடுற எஞ்சின்தான். மென்பொருள் திறந்திருந்தா அந்தக் கோப்பிலை ஏதாவது எழுதிக்கொண்டுதான் இருக்கும். உங்கடை கிளவுட் அதைப் பாதியிலை இழுத்துக்கொண்டுபோய் மற்றக் கொம்பியூட்டரிலை வைக்குது. அங்கையும் ஒராள் திறந்து வைச்சுக்கொண்டு தோட்டக்காரருக்குப் படம் காட்டினா?"

ஐம்பது வருஷமாக நான் ஊருக்குச் சொன்ன புத்தி.

கிளவுட்டில் கிடந்த பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள். திறந்த ஒன்றிரண்டிலும் குறிப்புகள் பாதிதான் இருந்தன. பிறகு, "பென் எங்கை?" என்றாள். அலுமாரியிலிருந்த உறுதிப் பையை இழுத்துக் கவிழ்த்துக் கொட்டினேன். அலுமாரியடியில் கடதாசிகளுக்கு நடுவே விழுந்த பென்னை எடுத்துக்கொண்டு நான் ஓடிய ஓட்டம் ஏழு இடப்பெயர்விலும் ஓடாத ஓட்டம்.

திறந்தது. நான்கு வருஷமும் அப்படியே இருந்தது. கடைசிப் பதினெட்டு நாள் இல்லை. அந்த நாட்களில் எழுதிய குறிப்புகளை அவள் ஒன்பது நாளில், கட்டுரைகளைத் திரும்ப வாசித்து எழுதி முடித்தாள். ஒன்றைத் தவிர.

அது சண்டிலிப்பாய்க் கிணறுகளைப் பற்றித் தட்டச்சில் இருந்த ஒரு பழைய அறிக்கை. ஓர் அலுவலகத்தில் ஒரு பின்னேரம் இருந்து பார்த்துக் குறித்தது. அறிக்கையின் தலைப்பும் பக்கமும் அந்தக் குறிப்பில் மட்டுமே இருந்தன. நான் தோட்டக்காரருக்குக் காட்டியதும் அதைத்தான். திரும்பப் போய்க் கேட்டபோது அலுமாரிகளை இடம் மாற்றியதில் அறிக்கை எதற்குள் போனதென்று தெரியவில்லை என்றார்களாம்.

"அந்த அறிக்கையை வைச்சு எழுதின வசனத்தை வெட்டுறன் மாமா."

"வெட்டாதையும் பிள்ளை. அதிலை சொல்லுற கிணத்துக்கு மிசின் பூட்டினவன் நான். அந்தத் தண்ணி என்னெண்டு கெட்டது எண்டு எனக்குத் தெரியும். நான் சொன்னதெண்டு எழுதும்."

"நீங்கள் சொல்லுறது உண்மை. ஆனா அறிக்கை இருந்த இடத்திலை உங்களைப் போடேலாது."

வெட்டினாள். குறித்த நாளில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இப்போது அந்தத் தரவுக் கோப்பு லப்டொப்பிலேயே அதற்குரிய இடத்தில் இருக்கிறது. இரண்டு கொம்பியூட்டருக்கும் குறிப்புகளைக் கொண்டு சேர்ப்பது அந்த மென்பொருளே அதற்கென்று வைத்திருக்கும் வழி. வெள்ளிக்கிழமைகளில் எல்லாவற்றையும் மூடியபின் திகதி போட்டு ஒரு நகல் பென்னுக்கும் ஒன்று கிளவுட்டுக்கும் போகும். ஆக மூன்று இடம். என் பாடம் பிழையில்லை. முதலில் மூட வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லாமல் இருந்தது. "மூடியாச்சோ பிள்ளை?" என்று நான் கேட்பேன். "ஓம் மாமா, ஒயில் பாக்கலாம்" என்பாள்.

பரீட்சகர்கள் பார்த்துத் திருத்தம் சொல்லி ஆய்வேடு திரும்பி வருமாம். அதற்குள் அறிக்கை கிடைத்தால் அந்த வசனத்தைச் சேர்க்கலாம் என்று அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். சைக்கிளை நிறுத்தும்போதே எழுதுவினைஞர் எட்டிப் பார்த்து, "இன்னும் கிடைக்கேல்லை ஐயா" என்கிறார். "ஆறுதலாத் தேடுங்கோ, நான் இருக்கிறன்" என்று அங்கே கிடக்கும் மர வாங்கில் உட்காருகிறேன். ஐந்து நிமிஷம் இருக்க முடிவதில்லை. எழும்பிப்போய், எந்த அலுமாரி என்று கேட்கிறேன்.