கிளிஞ்சல் மேட்டில் இருந்தவள்

ரப்பர் விலை விழுந்த நேரம். பினாங்குத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். நாமும் போய்விடுவோம் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, இங்கே ஜார்ஜ் டவுன் மண்ணில்தான் புதைத்திருந்தோம். அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அவருக்குத் தீவுக்கு எதிரே அக்கரையில் வேலை. வயல்களுக்கு நடுவே ஒரு கிளிஞ்சல் மேடு. அதை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்புவார்கள். கடல் கண்ணுக்கே எட்டாத இடத்தில் கிளிஞ்சல் எப்படி வந்தது என்று கேட்டால், "வந்துச்சு, வெட்டுறேன், விடு புள்ள" என்பார். பெரிய ஞானி!

ஒரு சனிக்கிழமை முகம் வெளிறி வந்தார். மேட்டுக்குள் மனித எலும்புகளாம். பார்க்க வந்த துரை சொன்னதை மேஸ்திரி தமிழில் சொல்லியிருக்கிறார்.

"முன்னொரு காலத்துல கடல் அங்கதான் இருந்துச்சாம். எங்கிருந்தோ வந்த சனங்க சிப்பி தின்னுட்டு ஓட்டைக் குவிச்சாங்களாம். செத்தவங்களையும் அதுலயே பொதச்சாங்களாம். கடல் தள்ளிப் போனதும் அவங்களும் சாப்பாடு தேடிப் போயிட்டாங்களாம்."

"செத்தவங்கள விட்டுட்டா?"

"பின்ன, தூக்கிட்டா போவாங்க? ஒரு சின்னக் கொழந்தயோட எலும்பும் இருந்துச்சு. பக்கத்துல ஒரு பொம்பள."

என்னைத் தேற்றத்தான் சொன்னார்.

"அப்ப அவ போகல."

"செத்தவ எங்கடி போவா?"

அதன்பின் சோறு வடிக்கும்போதும் அவள் நினைப்புதான். பிள்ளையோடு சேர்ந்து செத்தாளா? எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்திருந்து செத்தாளா? அவள் தாய்தானா என்பதே யாருக்குத் தெரியும்? போகவா, இருக்கவா என்று அவளைக் கேட்டால் என்ன சொல்வாள்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்குள் அவர் மேட்டு வேலையை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். புறப்படுவதற்கு முந்தின நாள் குழந்தையைப் புதைத்த இடத்துக்குப் போனோம்.

"ஏங்க, இவளுக்குப் பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர், மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் உட்கார்ந்தேன்.

மறுநாள் கப்பல் நாங்கள் இல்லாமலே போனது. செய்தது சரியா, பைத்தியக்காரத்தனமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இனி எதைச் சாப்பிடுவோம் என்று அன்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.