நடுவில் இரண்டு காலி வண்டி

கோதண்டம் பாவாவை நான் திட்டாத நாள் இல்லை. என் அக்கா மணியம்மையின் புருஷன். திருத்தணி ஸ்டேஷனில் ஷண்டிங் போர்ட்டர். வண்டிகளைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் பிழைப்பு. யுத்த காலம் அது. வெடிமருந்து வண்டி வந்தால், அதற்கும் ஜனங்கள் உட்காரும் பெட்டிக்கும் நடுவில், வெடித்தாலும் ஜனங்களை எட்டாதபடி, காலி வண்டி மாட்டாமல் அனுப்பமாட்டார். கார்டு கத்தினாலும் சரி, சோறு ஆறிப்போனாலும் சரி.

நாற்பத்து மூன்றில் அவர் மகள் சந்திராவுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. ஆறு வயசு. மூச்சுவிடத் திணறினாள். அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நானும் அக்காவும் பகல் வண்டியில் ஏறினோம். சரக்கும் ஜனமும் சேர்ந்து போகிற வண்டி. குழந்தை என் மடியில்.

பாழாய்ப்போன வேளை! திருத்தணிக்கு வந்த சரக்கு வண்டிகளை நடுவிலிருந்து கழற்றியதும், வெடிமருந்து வண்டி எங்கள் பெட்டியை ஒட்டி நின்றது. காலி வண்டிகளோ சைடிங் தண்டவாளத்தின் கோடியில்.

"எட்டு மைல்தான்யா. உன் பொண்ணு வேற கீது. அப்படியே உடு" என்றார் கார்டு.

பாவா ஜன்னலருகே ஓடிவந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொயந்த தவிச்சிகினு கீதுய்யா. வாணாம், போவச் சொல்லு."

"பொட்டி நெறய ஜனம் கீது மணி, எல்லாம் புள்ளகுட்டியோட. தோ, ஒரே நிமிசம்." கையை உருவிக்கொண்டு ஓடினார்.

ஒரே நிமிசமாம்! எஞ்சின் போய், வந்து, மாட்டிக் கிளம்ப அரை மணிக்கு மேல் ஆயிற்று. அரக்கோணம் சிக்னல் தெரியும்போது குழந்தை என் மடியிலேயே அடங்கிப்போனாள்.

"அந்த வண்டி வெடிக்கலயே." அன்று அக்கா அவரிடம் சொன்னது அது ஒன்றுதான். அப்புறம் சோறு போடுவாள், பேசமாட்டாள். அவரும் அந்த வேலையை விடவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று அவர் காதுபடவே திட்டுவேன். தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போவார்.

யுத்தம் முடிகிற வருஷம் ஆடிக் கிருத்திகையன்று, அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். மொட்டைத் தலைப் பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப்பார்க்க, ஒரு வண்டி கிளம்ப நின்றது. அதிலும் வெடிமருந்து இருந்தது. அக்கா அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல காலி வண்டி மாட்டிகீறியா?"

"ஆங்... ரெண்டு மாட்டிகீறேன் மணி" என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐயோ, அந்த மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.

அக்கா தூக்குச்சட்டியை அவர் பக்கத்தில் வைத்தாள். வண்டி போகிற வரைக்கும் நின்றாள். அதற்குப் பிறகும் அவள் அவரிடம் பேசவில்லை.