அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த அறுவடை மிஷின்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக நான் ஒரு வெப்சைட் போட்டேன். திறந்து பார்த்தவர்களுக்கெல்லாம் நெல் அறுக்கிற மிஷின்தான் தெரிந்தது. எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி புளுகு. அதனால் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

குடவாசல் கடைத்தெருவில் நானும் என்னோடு கல்லூரியில் படித்த தோழியும் சேர்ந்து ஒரு வெப்சைட் கடை நடத்துகிறோம். கீழே அவளுடைய அத்தாவின், அதாவது அப்பாவின், ஜவுளிக்கடை, மாடியில் நாங்கள். கல்யாண மண்டபம், உரக்கடை, பிரியாணி மாஸ்டர், அறுவடை மிஷின் வாடகைக்கு விடுகிறவர் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் செய்து தருகிறோம். படம் எடுப்பது, பக்கத்தை அழகு பண்ணுவது, வாடிக்கையாளரிடம் இனிக்க இனிக்கப் பேசுவது எல்லாம் அவள். சர்வர் என் பொறுப்பு. இனிக்கப் பேச எனக்கு வராது.

இத்தனை பேருடைய பக்கமும் ஒரே சர்வரில்தான் இருக்கிறது. அது எப்படி என்று கேட்கிறவர்களிடம் நான் மண்டபத்தைக் காட்டுவேன். ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் நாலு கல்யாணம் என்று வையுங்கள். வாசலில் ஒரு ஆள் நின்று, "நீங்க எந்தக் கல்யாணம்?" என்று கேட்டு, அந்தந்தக் கூடத்துக்கு அனுப்புகிறான். சர்வர் செய்வது அந்த வேலைதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பைல் எழுதி வைப்போம். இந்தப் பெயரைச் சொல்லி வந்தால் இந்தக் கூடம் என்று. தெரியாத பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் அவன் திருப்பி அனுப்ப மாட்டான். வரிசையில் முதலாக இருக்கிற கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவான். எங்கள் வரிசையில் முதலாக இருந்தது அறுவடை மிஷின்.

கடை ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். எந்தப் புது பைல் திறந்தாலும் மேலே எனக்காக ஒரு பிள்ளையார் சுழி, அவள் முஸ்லிம் என்பதால் அவளுக்காக ஒரு 786. இதில் ஒரு மரியாதை உண்டு: 786 போடுவது நான், சுழி போடுவது அவள். இரண்டுக்கும் முன்னால் ஒரு ஹேஷ் குறி (#) வைப்போம். அந்தக் குறி இருந்தால் சர்வர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். பைலைச் சர்வரில் ஏற்றுவதற்கு நான் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. சர்வர் வழவழவென்று ஆங்கிலத்தில் எதையாவது சொன்னால் அவளுக்குப் படபடப்பு வந்துவிடும் என்பதால், அது சொல்வதையெல்லாம் மறைத்துவிட்டுக் கடைசியில் "சுபம்" என்று மட்டும் காட்டும்படி செய்திருந்தேன்.

என் தாத்தா அடுத்தவர் வயலில் கதிர் அறுத்தவர். அப்பா குத்தகைக்குப் பிடித்து, பிறகு சொந்தமாக்கி, என்னையும் அண்ணனையும் படிக்க வைத்தவர். எங்கள் குடும்பத்தில் திருக்கடையூருக்குப் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற முதல் ஆள் அவர்தான். அண்ணன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். லீவு கேட்டான், கொடுக்கவில்லை. அவன் இருக்கிற நாட்டில் போனில் மெசேஜ் போகும், குரல் பதிவு போகும், வீடியோ கால் மட்டும் போகாது. "தாலி கட்டுறதயாவது பாத்தா போதும்" என்று அவன் சொன்ன குரல் பதிவை அம்மா தினம் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வீறாப்பாக, "அழாதீங்க, நான் லைவ் போடுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்பாவோட பைல நான்தான் எழுதுவேன். அது என் சீர்" என்றாள் தோழி. பழைய பைல் ஒன்றைப் பார்த்து அவளே எழுதினாள். நான் ஸ்கிரிப்டை ஓட்டினேன். சுபம் என்றது. லிங்க்கைப் பத்திரிகையில் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டோம்.

முதல் போன் சின்ன அத்தையிடமிருந்து.

"ஏண்டி, உங்கப்பா மிஷின் வாங்கிருக்காராம்ல? ஒரு வார்த்த சொல்லல."

"என்ன மிஷின்?"

"நடிக்காத. நீதான லிங்க் அனுப்பிருக்க. மணிக்கு எவ்வளவுன்னு போட்டுருக்கு. சொந்தத்துக்குக் கொறச்சுப்பாரா?"

திறந்து பார்த்தேன். பச்சை மிஷின் ஒன்று குறுவை வயலில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அது தோழி எங்கள் ஊர் வயலிலேயே எடுத்த வீடியோ. அப்பா, அம்மா போட்டோ எங்கேயும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அப்பா மிஷின் வாங்கிய செய்தி திருவிடைமருதூர் வரைக்கும் போய்விட்டது. டீக்கடையில் அவருக்குப் பெஞ்சில் இடம் விட்டார்களாம். அவர் மறுத்தாரா என்றால், அதுதான் இல்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மிஷினின் சொந்தக்காரருக்கோ வேறு கஷ்டம்.

"தங்கச்சி, காலையிலேர்ந்து எனக்கு மணிவிழா வாழ்த்தா வருது. ஒருத்தர் கால்ல விழணும், எப்ப வரலாம்ங்கிறாரு. எனக்கு இன்னும் பொண்ணே அமையல. இந்தப் பேச்சு வெளிய பரவுனா யாரு குடுப்பா?"

நான் துப்புத் துலக்க ஆரம்பித்தேன். பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. போல்டரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். சுபம். மிஷின் ஓடியது. உங்கள் போனில் பழைய பக்கம் தங்கியிருக்கும், அதைச் சுத்தம் பண்ணுங்கள் என்று சொந்தக்காரர்களுக்குச் செய்தி அனுப்பினேன். மாமா ஒருவர் ரொம்பச் சுத்தமாகப் பண்ணி, போனில் இருந்த நம்பரெல்லாம் போய், யார் கூப்பிட்டாலும் "நீங்க யாரு?" என்று கேட்டு இரண்டு சம்பந்திகளிடம் பேச்சு வாங்கினார். மிஷின்காரர் பைலை வரிசையில் கடைசிக்குத் தள்ளினேன். சுபம். அப்போதும் மிஷின்தான் முதலில் வந்து நின்றது. அங்கேயாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நான் செய்கிற எதுவுமே சர்வர் காதில் விழவில்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது.

பைலையும் திறந்து பார்க்காமல் இல்லை. எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் மேலே இருக்கிற சுழியைப் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து படித்தேன். பிள்ளையார் சுழியை யாராவது படிப்பார்களா?

இத்தனை ரகளையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதவன் அண்ணன் ஒருத்தன்தான். லிங்க் அனுப்பினதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான். அவ்வளவுதான். அவனுக்கு என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு நானும் எதுவும் கேட்கவில்லை.

அப்படியே கல்யாண நாளும் வந்துவிட்டது. திருக்கடையூரில் கோயில் பூஜையை முடித்துக்கொண்டு சன்னதித் தெருவில் மண்டபத்துக்கு வந்தோம். அங்கே கூடத்துக்குக் கூடம் ஒரு அறுபது வயது மாப்பிள்ளை. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாலை, ஒரே மாதிரி வெட்கம். என் சித்தப்பா வேறு யாருக்கோ மோதிரம் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு நின்றார். வாசலில் ஆள் வைக்காததன் பலன் அது.

தோழி முக்காலியில் கேமராவை வைத்து அப்பாவுக்கு நேராகத் திருப்பிவிட்டாள். நான் பட்டுப்புடவையோடு ஒரு தூணில் சாய்ந்துகொண்டு போனில் லிங்க்கைத் திறந்தேன். மிஷின். அண்ணன் மதியச் சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி உட்கார்ந்திருப்பதாக அம்மாவுக்கு மெசேஜ் போட்டிருந்தான். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் காட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. ஸ்கிரிப்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று சர்வரையே மொத்தமாக நிறுத்தி மறுபடி கிளப்பினேன்.

நின்றது. கிளம்பவில்லை.

மிஷினும் போயிற்று. உரக்கடை, பிரியாணி, மண்டபம் எல்லாம் போயிற்று. மிஷின்காரரிடமிருந்து உடனே போன். "தங்கச்சி, பேஜே காணும். வாழ்த்து வந்தாலும் பரவாயில்ல, பேஜ் இருக்கட்டும்."

அதற்குள் அப்பா தாலியைக் கையில் வாங்கிவிட்டார். கட்டாமல் என்னைப் பார்த்தார்.

"வந்துட்டானா?"

"இன்னும் இல்லப்பா."

"அப்ப இருக்கட்டும்."

"சார், அடுத்த ஜோடி காத்துண்டிருக்கா" என்றார் ஐயர்.

"முன்னாடியே ஒரு தடவ கட்டுனதுதானே சாமி. ஓடியா போயிடுவேன்?" என்றாள் அம்மா. தலையைக் குனிந்தபடியேதான் சொன்னாள். பக்கத்துக் கூடத்திலிருந்துகூடச் சிரிப்பு கேட்டது.

அந்த நிமிஷத்தில் நிஜமாகவே பயந்துவிட்டேன். அண்ணன் அங்கே தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. ஏன் கிளம்ப மாட்டேன் என்கிறாய் என்று சர்வரையே நேராகக் கேட்டேன். சுபம் போடும் ஸ்கிரிப்ட் நடுவில் இல்லாததால், இத்தனை நாள் சொல்ல வந்ததை அது சொல்லிவிட்டது. அப்பாவுடைய பைலில் முதல் வரியில் 'உ' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது என்றது.

எங்கள் சர்வர் பகுத்தறிவுவாதி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். புரியாத ஒரு பைல் இருக்கிற வரைக்கும் புது ஏற்பாடு எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று அது பழைய ஏற்பாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஏற்றியது ஒன்றுகூட ஏறவில்லை. அத்தனை சுபமும் பொய்.

பைலைத் திறந்து முதல் தடவையாகப் பிள்ளையார் சுழியைப் படித்தேன். 786க்கு முன்னால் ஹேஷ் இருந்தது. சுழிக்கு முன்னால் இல்லை.

"இந்தச் சுழிக்கு ஹேஷ் எங்கடி?"

"நான்தான் எடுத்தேன்" என்றாள் தோழி, பெருமையாக. "நீதானே அன்னிக்கி அந்த வளைகாப்புப் பத்திரிகைல பொண்ணு போட்டோவ சுழிக்கு மேல வச்சதுக்கு அந்தக் கத்து கத்துன. பிள்ளையாருக்கு முன்னாடி எதுவும் வரக்கூடாதுன்னு. அப்பா கல்யாணத்துக்குப் போயி தப்பு பண்ணுவேனா?"

கத்தத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவள் இவ்வளவு பக்தியோடு எங்கள் தொழிலையே படுக்க வைத்திருக்கிறாள், என்னவென்று திட்டுவது? ஹேஷைத் திரும்ப வைக்கப் போனபோது விரல் நின்றது. திருக்கடையூரில் உட்கார்ந்துகொண்டு, தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா காத்திருக்கும்போது, பிள்ளையாருக்கு முன்னால் ஒன்றை வைப்பதா?

தோழி எட்டிப் பார்த்தாள். "நல்லாப் பாருடி. கம்பிக் கதவு மாதிரி இல்ல? ஊர் ஊருக்கு ஆத்தங்கரைல பிள்ளையாருக்கு முன்னாடி கம்பிக் கதவு போட்டுத்தானே பூட்டி வச்சிருக்கீங்க."

கம்பிக் கதவைப் போட்டேன். சர்வர் கிளம்பியது. லிங்க்கைத் திறந்தேன். மாலைக்கு நடுவில் அப்பா முகம், தாலியைப் பிடித்த கை, பக்கத்தில் அம்மாவின் குனிந்த தலை. பார்க்கிறவர்கள் கணக்கில் நான் ஒன்று; அடுத்து அது இரண்டு ஆனது.

"வந்துட்டான்ப்பா."

அப்பா கேமராவைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு முடிச்சுப் போட்டார். மேளம் கொட்டினார்கள். அம்மா அழுததை நான் பார்க்கவில்லை. நானே அழுதுகொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது அண்ணனின் குரல் பதிவு வந்தது.

"பாத்துட்டேன். அப்பா என்னப் பாத்து தலைய ஆட்டுனதுகூடத் தெரிஞ்சிச்சு. நல்லாருந்துச்சு. ஆனா அந்தப் பழைய வீடியோவ எங்க காணும்? நீ அனுப்புன நாள்லேர்ந்து தினம் சாப்புடுறப்ப அதத்தான் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். மிஷின் திரும்புற எடத்துல அப்பா துண்ட தோள்ல போட்டுக்கிட்டு வரப்புல போவாருல்ல. எனக்காகத்தான் வச்சிருக்கன்னு நெனச்சேன். அத எடுத்துடாத."

அந்த வீடியோவை நான் கடைசி வரைக்கும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மிஷினைப் பார்த்ததுமே கோபத்தில் மூடிவிடுவேன். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து, இலையை எடுக்கிறவர் தலைக்கு மேல் நிற்க, முழுசாகப் பார்த்தேன். மிஷின் வரப்போரம் வந்து திரும்புகிறது. அப்பா வருகிறார். நின்று கொஞ்சம் வேடிக்கை பார்க்கிறார். போய்விடுகிறார்.

மிஷின்காரரிடம் கேட்டு அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தனியாக ஒரு பக்கம் செய்தேன். வரிசையில் எல்லோருக்கும் முன்னால் அதை வைத்தேன். மேலே 786, கம்பிக் கதவுக்குள் பிள்ளையார். எங்கள் சர்வருக்கு வழி தெரியாமல் யார் வந்தாலும், எந்தப் பெயரைத் தப்பாகத் தட்டிக்கொண்டு வந்தாலும், இப்போது எங்கள் அப்பா வரப்பில் நடந்து போவதைத்தான் பார்க்கிறார்கள்.